மலைமேல் ஒரு படகுக்குக் காற்றுமானி

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி, ரயில் கிளம்பி, அதன் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகுதான் என் கையில் குழாய் இல்லை என்பது தெரிந்தது. பெட்டி இருந்தது. முதுகுப்பை இருந்தது. பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த அலுமினியக் குழாய், தலைக்கு மேலிருந்த கம்பித் தட்டில் படுத்தபடியே பதுளைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயின் உச்சியில்தான் நான் மாட்ட வந்த கருவி உட்கார வேண்டும்.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது. கைகளை அகட்டிக் குழாயின் நீளத்தைக் காட்டினேன். அவர் என்னைவிட அதிகமாகக் கைகளை அகட்டி, இவ்வளவா என்பதுபோல் பார்த்தார். பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் பேசினார். மாஸ்டர் போனை எடுத்தார்.

"பயப்படாதீங்க. தலவாக்கலைல எறக்கி வைக்கச் சொல்லிட்டாரு. பஸ்ஸப் புடிச்சுப் போய் வாங்கிக்கிருங்க" என்றார் அவர். பிறகு, "மீன் புடிக்கிற தூண்டிலா?" என்று கேட்டார்.

தூண்டில் இல்லை, படகில் வைக்கிற காற்றுமானி என்றேன். அவர் சுற்றியிருந்த மலைகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அப்படித்தான் இருந்தது. நான் தூத்துக்குடிக்காரி. அப்பா, அண்ணன், வீட்டுக்காரர் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் மீன்பிடிப் படகுகளில் வானிலைக் கருவிகள் பொருத்தும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்கிறேன். கொழும்பில் உள்ள ஓர் உதவி அமைப்பு எங்களிடம் ஒரே ஒரு கருவி கேட்டிருந்தது. தேயிலைத் தோட்டத்து நீர்த்தேக்கம் ஒன்றில் ஆட்களை ஏற்றிப்போகும் படகுக்கு. முதலாளி என்னைப் போகச் சொன்னபோது, ஏரியில் என்ன பெரிய காற்று, ஒரு நாள் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

ரயிலிலேயே என் கடல்பேச்சு எடுபடவில்லை. வாசலில் நின்றுகொண்டு வந்தேன். உட்கார்ந்தால் எனக்குக் கால் குடையும். மேற்கிலிருந்து காற்று முகத்தில் அடித்தது. அதை எங்கள் ஊரில் கச்சான் என்போம். பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "கச்சான் நல்லா இருக்குல்ல?" என்றேன். "இன்னும் வரலியே. நாவலப்பிட்டில ஏறுவான்" என்றார். காற்று எப்படி ஒரு ஸ்டேஷனில் ஏறும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நாவலப்பிட்டியில் ஒருவன் கூடையோடு ஏறி, "கச்சான், கச்சான்" என்று கூவியபடி வறுத்த வேர்க்கடலையைக் காகிதச் சுருளில் விற்றான். பெரியவர் எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கித் தந்தார்.

தலவாக்கலைக்குப் போன பஸ்ஸில் நிற்க மட்டுமே இடம் கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் பஸ் வெளியே தலையை நீட்டிப் பார்ப்பதுபோல் போய்த் திரும்பியது. மூடுபனி ஜன்னலை அடைத்திருந்ததால் பள்ளம் தெரியவில்லை. அது நல்லதா கெட்டதா என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. எனக்கு முன்னால் ஒரு சிங்களத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன என்று பக்கத்திலிருந்த பெண்ணைக் கேட்டேன். "அடுப்ப அணைச்சியான்னு கேக்குறாரு. நீங்கதானே கடைசியா வந்தீங்கன்னு அந்தம்மா சொல்லுது" என்றாள். தூத்துக்குடி பஸ்ஸிலும் இதே சண்டைதான் நடக்கும்.

குழாய் ஸ்டேஷன் அறையின் மூலையில் சாத்தப்பட்டிருந்தது. யாரோ அதில் நனைந்த குடையை மாட்டியிருந்தார்கள். குடையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுக் குழாயை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிலையத்தில் தேங்காய் ரொட்டியும், கண்ணில் நீர் வரவைக்கும் கட்டைச் சம்பலும் தின்றேன். அதன் பிறகுதான் குளிர் கொஞ்சம் விட்டது.

ஹட்டனுக்குத் திரும்பி இரவு தங்கி, மறுநாள் காலை பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில், தண்ணீர் தெரிந்த இடத்தில் இறங்கினேன். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. சாலையிலிருந்து சிமெண்டுப் படிகள் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கின. அக்கரையில் தேயிலைச் சரிவும், அதன் அடியில் வரிசையாகத் தகரக்கூரை வீடுகளும் தெரிந்தன. லயங்கள். இக்கரையில் பஸ், கடை, பள்ளிக்கூடம், கொழுந்து பறிக்கும் மலை, அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களம் எல்லாம் இருந்தன. காலையில் அங்கிருந்து எல்லோரும் இங்கே வரவேண்டும், மாலையில் திரும்பவேண்டும். நடுவில் இருப்பது ஒரு ஃபைபர் படகு.

அந்தப் படகை ஓட்டுபவர் யோகநாதன். என் வயது இருக்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் என் பெட்டியை வாங்கி வைத்தார், கை கொடுத்து ஏற்றினார். மோட்டாரின் சத்தத்தில் பாதித் தூரம் போனதும், "இத வச்சா போட்ட நிப்பாட்டிருவாங்களா, மிஸ்?" என்றார்.

"காத்து கூடினா சிவப்பு லைட் எரியும். அப்போ மட்டும் நிப்பாட்டணும்."

"இங்க காத்து கூடாத நாளு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். "டீச்சரம்மா போட்டுக் குடுத்ததுல வந்த வென."

டீச்சரம்மாவை அக்கரைப் படியில் பார்த்தேன். பெயர் சிவமலர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர். லயங்களுக்குப் பக்கத்தில் இருந்த குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். எனக்குத் தங்க இடம் அவர் வீட்டில்தான் சொல்லியிருந்தார்கள். வெந்நீர் போட்டு வைத்திருந்தார். "முதல்ல குளியுங்கோ, பிறகு கதைப்பம்" என்றார்.

அன்று மதியமே வேலையைத் தொடங்கினேன். படகின் பின்பக்கத்தில், கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு குழாயை நிறுத்திப் பட்டைகளால் இறுக்கினேன். உச்சியில் மூன்று சிறு கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி. கீழே சூரியத் தகடு, ஒரு பெட்டி, பெட்டிக்கு மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். எங்கள் ஊர்ப் படகுகளில் உப்பு ஏறி மரை பிடித்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு திருகும் வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. அது ஒன்றுதான் சுலபமாக இருந்தது. வேலை முடிந்து திரும்பிய பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். அவர்களில் லெட்சுமி என்ற பெண் படியில் உட்கார்ந்து கேட்டாள்.

"அக்கா, செகப்பு எரிஞ்சா நாங்க எப்புடி வேலைக்குப் போறது?"

"ரோட்டு வழியா போக முடியாதா?"

பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "தண்ணியச் சுத்திக்கிட்டுப் போறதுக்குள்ள பெரட்டு முடிஞ்சிரும். பிந்திப் போனா பேரு இல்ல, அன்னிக்குச் சம்பளமும் இல்ல. திரும்பி வந்துர வேண்டியதுதான்."

நான் கம்பியைச் சீவிக்கொண்டிருந்தேன். படகுக்குள் மிதவைச் சட்டைகள் இருந்தன. பலகை குளிர்கிறது என்று அவற்றைப் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து தட்டையாக்கியிருந்தார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு டீச்சர் பருப்பும் சோறும், நீர்த்தேக்கத்து மீன் பொரியலும் செய்திருந்தார். அந்த மீனை அங்கே ஜப்பான் மீன் என்கிறார்கள். கடல்மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு அதில் மண்ணின் ருசி தெரிந்தது, ஆனாலும் முள்ளை உறிஞ்சினேன். டீச்சர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"போன மழைக்கு ஒரு நாள் நடுவில காத்து அடிச்சது. தண்ணி உள்ளுக்கு வந்திட்டுது. பிள்ளையள் என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொண்டு கத்திச்சினம். எனக்கு நீந்தத் தெரியாது. அவைக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. ஆனா நான் கொழும்பில உதவி அமைப்பிட்டைச் சொன்னனான். சொன்னது பிழையோ?"

"இல்லை" என்றேன்.

"யோகநாதன் அண்டையிலயிருந்து என்னோட கதைக்கிறேல்லை. நானும் கதைக்கிறேல்லை. ஒவ்வொரு நாளும் அவரின்ர போட்டிலதான் போறன்."

மூன்றாம் நாள் காலை படகு நிரம்பியது. பெண்கள் இரு பக்கப் பலகைகளில், பிள்ளைகள் நடுவில், டீச்சர் பிள்ளைகளுக்குப் பின்னால். நான் யோகநாதனுக்குப் பக்கத்தில் விளக்குகளைப் பார்த்தபடி நின்றேன். லயங்களுக்கு முன்னால் தண்ணீர் ஒரு சிறு குடாபோல் உள்வாங்கியிருக்கும். அங்கே இலைகூட அசையவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. பிள்ளைகளில் ஒருத்தி, "பச்ச, பச்ச" என்று கைதட்டினாள். கிளம்பினோம்.

குடாவின் வாய்க்கு வெளியே, கிழக்கு மலைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. நடுத்தண்ணீருக்கு வந்தபோது அந்தப் பக்கம் நீர்ப்பரப்பில் ஒரு கறுத்த திட்டு தெரிந்தது. அது எங்களை நோக்கி ஓடி வந்தது. கடலில் காற்று வருவதற்கு முன் அலை சொல்லும், மேகம் சொல்லும், பறவை சொல்லும். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை.

"எல்லாரும் கீழ ஒக்காருங்க. பலகையில யாரும் இருக்காதீங்க" என்றார் யோகநாதன். அதற்குள் அடித்துவிட்டது. கூரை படபடவென்று துடித்தது. படகு இடப்பக்கம் சாய்ந்தது, தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே சரிந்தது. கைதட்டிய பெண்பிள்ளை பலகைக்கு அடியில் சறுக்கிப் போனாள். டீச்சர் அவளைச் சட்டையோடு பிடித்து இழுத்து மடியில் அமுக்கினார். லெட்சுமி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, உள்ளே இருந்த ரொட்டியை வெளியே கொட்டிவிட்டு, அதைக்கொண்டு தண்ணீரை அள்ளி இறைக்கத் தொடங்கினாள். நான் கையால் இறைத்தேன்.

யோகநாதன் கரைக்கு விரையவில்லை. படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, மோட்டாரைத் தணித்து, அதே இடத்தில் பிடித்து நிறுத்தினார். அவர் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. யாரும் கத்தவில்லை. ஒரு பெண் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், கடையில் சாமான் கேட்கிற குரலில். நான் விளக்கைப் பார்த்தேன்.

பச்சை.

கிண்ணங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன, விளக்கு பச்சையாகவே எரிந்தது. காற்று தணிந்து, படகை மெல்ல இக்கரைப் பக்கம் திருப்பியபோது மஞ்சள் வந்தது. படியில் கயிறு கட்டும்போது சிவப்பு வந்தது.

என்னை ஒருவரும் திட்டவில்லை. பெண்கள் இறங்கிச் சேலையைப் பிழிந்தார்கள். பிழிந்துகொண்டே சிவப்பு விளக்கை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார்கள். டீச்சர் பிள்ளைகளை எண்ணிவிட்டு, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"பச்சை எல்லோ எரிஞ்சது?"

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டிருந்தது. எங்கள் கருவி கடலுக்காகச் செய்தது. கடலில் காற்று நிதானமாகக் கூடும், எனவே அது பல நிமிடங்களின் சராசரியைப் பார்த்துத்தான் விளக்கை மாற்றும். இந்த மலைக்காற்று வந்து அடித்துவிட்டுப் போய்விடுகிறது. சராசரி கூடுவதற்குள் படகு கவிழ்ந்துவிடும். அதை டீச்சரிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அன்று முழுவதும் கரையில் இருக்க முடியவில்லை. படியில் கட்டியிருந்த படகில் உட்கார்ந்தே கருவியின் அமைப்பை மாற்றினேன். ஒரு வீச்சு அடித்தாலே நிறம் மாறும்படி செய்தேன். பிறகு படகு போன ஒவ்வொரு முறையும் நானும் போனேன், வந்தேன். யோகநாதன் ஒருகட்டத்தில், "நீங்க எறங்கி ஒரு டீ குடிங்க மிஸ். நீங்க நிக்கிறதப் பாத்தா எனக்குக் கை ஆடுது" என்றார். இறங்கினேன். டீயைப் பாதி குடித்துவிட்டு மீண்டும் ஏறினேன்.

விளக்கு இப்போது சரியாக மாறியது. ஆனால் நடுத்தண்ணீரில் சிவப்பு எரிந்து யாருக்கு என்ன பயன்? புறப்படும் இடமோ குடாவுக்குள் இருந்தது. வெளியே எப்படி அடித்தாலும் உள்ளே பச்சைதான். மாலையில் டீச்சர் வீட்டு வாசலில் இதைச் சொல்லித் தலையைப் பிடித்துக்கொண்டேன். யோகநாதன் என் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலுக்கு வெளியிலேயே நின்றார். டீச்சர் வாசலுக்கு உள்ளே நின்றார்.

"ஒரு தரம் ஆக்களில்லாமல் வெறும் போட்டாக் குடா வாசல் வரைக்கும் போய் நிண்டு பாத்திட்டு வந்தால் என்ன? விளக்கு என்ன சொல்லுதெண்டு கரையில நிக்கிற ஆக்களும் பாக்கலாம். அவரிட்டை கேளுங்கோ" என்றார் டீச்சர் என்னிடம்.

கேட்க என்ன இருக்கிறது, அவர் அங்கேயேதான் நின்றார். "டீச்சர்கிட்ட சொல்லுங்க மிஸ், அது செய்யலாம்னு" என்றார். "நான் விடிய முன்னுக்கே போய்ப் பாத்துட்டு வர்றேன். ஆனா செகப்பு எரிஞ்சா இந்தப் பொம்பளைங்களுக்கு என்ன வழின்னும் கேளுங்க. காலையில தண்ணி குடிச்சதும் அதுங்கதான், பேரு போகப் போறதும் அதுங்களுக்குத்தான்."

டீச்சர் என்னைப் பார்த்து, "அவர் சொல்றது சரி" என்றார்.

மறுநாள் மூவருமாகத் தோட்ட அலுவலகத்துக்குப் போனோம். லெட்சுமியும் கூடையோடு வந்துவிட்டாள். அங்கே சின்னத்துரை என்று எல்லோரும் அழைக்கும் உதவி மேலாளர் இருந்தார். இளைஞர், மரியாதையானவர், மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. டீச்சர் சிங்களத்தில் பேசினார், எனக்காக நடுநடுவே தமிழில் சொன்னார். சிவப்பு எரிகிற நாளில் ஒரு லாரியை அக்கரைக்கு அனுப்ப வேண்டும். லாரி வரும்வரை பெரட்டை மூடக்கூடாது. கேட்டது இவ்வளவுதான்.

"லாரி கொழுந்து ஏற்றுவதற்கு" என்றார் அவர். "கருவியை வாங்கிக்கொள்வதாகத்தான் தோட்டம் ஒப்புக்கொண்டது. லாரியைப் பற்றிப் பேச்சில்லை."

நான் குறுக்கிட்டேன். முதலாளி கூட இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா தெரியவில்லை. "அப்படியென்றால் கருவியைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறேன். சிவப்பு எரியும்போது இவர்கள் ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த விளக்கு எதற்கு?"

டீச்சர் இதைச் சிங்களத்தில் சொன்னார். நான் சொன்னதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துச் சொன்னார். சின்னத்துரை லெட்சுமியைப் பார்த்தார். முந்தைய நாள் நனைந்த அவள் சேலையின் ஓரத்தில் சேறு இன்னும் ஒட்டியிருந்தது.

"பார்ப்போம்" என்றார் அவர்.

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். "இங்க அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு" என்றாள் லெட்சுமி. எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

அதன் பிறகு மழை மட்டும் பெய்தது, காற்று இல்லை. ஒவ்வொரு விடியலிலும் யோகநாதன் வெறும் படகோடு குடா வாசலுக்குப் போய் நின்றார். கரையில் எல்லோரும் குடைக்கடியில் நின்று பார்த்தோம். பச்சை. பச்சை. பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள். "அக்கா, ஒங்க லைட்டு ரொம்ப நல்ல புள்ளையா இருக்கு." நான் கிளம்பவேண்டிய நாள் தாண்டிவிட்டது. முதலாளி போனில், "இன்னும் என்ன வேலை?" என்றார். காற்று வருவதற்காகக் காத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கம்பிகளை மறுபடி சரிபார்க்கிறேன் என்றேன். ஏற்கெனவே சரியாக இருந்த கம்பிகளை உண்மையிலேயே மறுபடி சரிபார்த்தேன்.

காற்று ஒரு மூடுபனி நாளில் வந்தது. விடிந்தும் விடியாத வெளிச்சம். படியில் பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். குடாவுக்குள் தண்ணீர் அசையாமல் கிடந்தது. யோகநாதன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பனிக்குள் போனார். மோட்டார் சத்தம் குடா வாசலில் போய்த் தணிந்தது. படகு ஒரு நிழல்போல் தெரிந்தது, விளக்கு தெரியவில்லை. எல்லோரும் கண்ணை இடுக்கிப் பார்த்தோம். ஒருத்தி பச்சை என்றாள். இன்னொருத்தி மஞ்சள் என்றாள். நான் தண்ணீருக்குள் கணுக்கால் வரை இறங்கிப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

டீச்சர் குடையை மடக்கினார். படியின் கடைசிக் கல்லுக்கு இறங்கி வந்து, வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார்.

"யோகநாதன், என்ன நிறம்?"

அவர் அங்கேயே நின்று இன்னொரு தரம் பார்க்கிறார் என்று தோன்றியது.

"செகப்பு, டீச்சர்."

அவர் திரும்பி வந்து கயிற்றைக் கட்டினார். டீச்சர் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி, சின்னத்துரையோடு சிங்களத்தில் பேசினார். அவர் குரல் ஒருமுறை உயர்ந்து இறங்கியது. இறங்கி வந்து, "அனுப்புறன் எண்டு சொல்லேல்லை. அனுப்பேலாது எண்டும் சொல்லேல்லை" என்றார்.

காத்திருந்தோம். எனக்கு நிற்க முடியவில்லை, படியில் ஏறினேன், இறங்கினேன், தேயிலைப் பாதையில் வளைவு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே சேறும் பனியும்தான் இருந்தன. இரண்டு பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். இன்னும் சிலர் எழுந்தார்கள். ஒருத்தி யோகநாதனிடம் போய், "யோகண்ணே, தண்ணி சும்மாத்தானே கெடக்கு. கொண்டுபோய் விட்டுருங்களேன்" என்றாள். குடாவுக்குள் தண்ணீர் உண்மையிலேயே சும்மாதான் கிடந்தது. அவர் அவளைப் பார்த்தார், குடா வாசலைப் பார்த்தார், மோட்டார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"ஏத்த மாட்டேன், தங்கச்சி. கோவிச்சுக்காத" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "யாரும் நடக்காதீங்க. ஒருத்தரு ரெண்டு பேரு நடந்து போனா, நடந்தே வரலாம்னு சொல்லிருவாங்க. எல்லாரும் இங்கயே இருங்க" என்றார்.

லெட்சுமி முதலில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள். நடக்கத் தொடங்கிய இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். டீச்சர் ஈரப் படியிலேயே உட்கார்ந்தார், பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி ரொட்டியைப் பிரித்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. பெரட்டு தொடங்கும் நேரம் கடந்தது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் ஊருக்குப் போனபின் இவர்கள் என்ன ஆவார்கள், என் விளக்கை நம்பி ஒரு நாள் பேரைத் தொலைத்தவர்கள் மறுநாள் அதைக் கல்லால் அடித்து உடைத்தால் யார் குற்றம் சொல்ல முடியும் என்றெல்லாம் மனம் ஓடியது. ரொட்டியைப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கொடுத்தேன்.

முதலில் சத்தம் கேட்டது பிள்ளைகளுக்குத்தான். பிறகு மஞ்சள் முகப்பு விளக்குகள் பனிக்குள் தெரிந்தன. கொழுந்து லாரி. ஓட்டுநர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, இந்தப் பாதையில் லாரி கொண்டுவருவதற்குத் தனக்குத் தலையெழுத்தா என்று முணுமுணுத்தார். பின்கதவு இறங்கியது. யோகநாதன் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி ஏற்றினார். டீச்சரின் முறை வந்தபோது அவர் குடையை வாங்கிக்கொண்டு கையை நீட்டினார். "கவனம் டீச்சர், வழுக்கும்." அவர் கையைப் பிடித்து ஏறினார். "நீங்கள் வரேல்லையோ?" என்று கேட்டார்.

"போட்ட விட்டுட்டு எங்க போறது? நீங்க போங்க. காத்து நின்னா மத்தியானம் கூட்டிக்கிட்டு வர்றேன்."

என் முதுகுப்பையையும் உள்ளே தூக்கிப் போட்டார்கள். இவர்கள் சாலைப் பக்கக் கரை போய்ச் சேர்ந்து பெரட்டில் பெயர் கொடுப்பதைப் பார்க்காமல் நான் ஊருக்குப் போவதாக இல்லை. லாரி உறுமிக்கொண்டு தேயிலைச் சரிவில் ஏறியது. சாக்குகளின் பச்சை வாசனைக்குள் நெருங்கி நின்றோம். மேலே ஒரு வளைவில் பனி விலகி, குடாவுக்கு வெளியே இருந்த தண்ணீர் முழுவதும் கீழே தெரிந்தது. இடுக்கிலிருந்து இறங்கிய காற்று அதை வெள்ளை வெள்ளையாகக் கிழித்துக்கொண்டிருந்தது. படகு வழக்கமாகப் போகும் பாதை அதன் நடுவில்தான் இருந்தது.

பெண்கள் அதைப் பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்தில் நின்ற பிள்ளையின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். லெட்சுமி நீண்ட நேரம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பி, ஓட்டுநருக்குக் கேட்கும்படி தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"மெதுவாப் போங்கண்ணே. புள்ளைங்க இருக்காங்க. இன்னிக்குப் பெரட்டு எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கட்டும்."